மச்சான் எழுந்துபோன படங்கள்

அன்பு குறையாத மச்சானுக்கு,

உங்கள் கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் நாங்கள் எல்லாரும் சினிமாவுக்குப் போனோம். பெண் கொடுத்த வீட்டார் துக்க வீட்டாரைக் கூட்டிப்போய் ஒரு படம் காட்டி, துக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வரச்செய்வது நம் பக்கத்து வழக்கம். சரசு அக்காவுக்குத் தம்பி நான் ஒருவன்தான். ஆகவே அந்தக் கடமை என் தலையில் விழுந்தது. எந்தப் படம், எந்த ஆட்டம், எந்த வரிசை என்று முடிவெடுப்பது எனக்கு எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைச் சபையில் வைத்து, "மாப்ள காப்பியா டீயான்னு சொல்றதுக்குள்ள கடையச் சாத்திருவாக" என்று சொல்லிச் சிரித்தவர் நீங்கள்தானே.

சமயநல்லூர் பஸ் நிறுத்தத்துச் சுவரில் உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தோம். பெயருக்குக் கீழே 'கலா ரசிகர்' என்று உங்கள் மகன் செல்வம் போடச் சொன்னான். நான் மறுக்கவில்லை. கருமாதிக்குள் அதன்மேல் ஒரு புதுப்படப் போஸ்டர் ஏறிவிட்டது. நாயகனின் பூட்ஸ் கால் சரியாக உங்கள் நெற்றியில் இருந்தது. அந்தப் படத்துக்குத்தான் போனோம். எல்லாத் திரையிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் காரணம். வேறு காரணமும் இருந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

டிக்கெட் நூற்றுத் தொண்ணூறு ரூபாய், மச்சான். செல்போனில் பதிவு செய்ததற்குத் தனியாக ஒரு கட்டணம். பாப்கார்ன் ஒரு வாளி, டிக்கெட்டைவிட விலை அதிகம். நீங்கள் இருந்திருந்தால் தரை டிக்கெட்டில் தொடங்கி பெஞ்சு, சேர், பால்கனி என்று ஒவ்வொரு காலத்து விலையையும் கவுண்டரில் நின்று சொல்லியிருப்பீர்கள். உங்களுக்குப் பின்னால் வரிசை வண்டியூர் வரைக்கும் நின்றிருக்கும். நீங்கள் இல்லாததால் சீக்கிரம் உள்ளே போய்விட்டோம்.

கிளம்பும்போது மட்டும் ஒரு தடங்கல் வந்தது. அக்காவும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றதைப் பார்த்து, உங்கள் தங்கச்சி வாசலை மறித்துக்கொண்டார்.

"தாலிய எறக்கி வச்சு ஈரங்கூடக் காயல. அதுக்குள்ள மதினிக்குச் சினிமா கேக்குதாக்கும். ஊரு சிரிக்காது?"

"சிரிக்கட்டும் தாயி. சிரிச்சு எம்புட்டு நாளாச்சோ அதுக்கும்" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கும் டிக்கெட் போட்டிருக்கியாடா?" என்று கேட்டார்.

போட்டிருந்தேன். ஏன் போட்டேன், எந்தத் தைரியத்தில் போட்டேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் உங்களை அறியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக உங்கள் பெருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சமயநல்லூரில் உரக்கடை வைத்திருந்த நீங்கள், வாரத்துக்கு ஒரு படம் பார்ப்பீர்கள். குடும்பத்தோடு, பால்கனியில், ஓரத்து இருக்கையில். படம் பிடிக்கவில்லை என்றால் இடைவேளை மணி அடித்ததும் எழுந்துவிடுவீர்கள். நீங்கள் எழுந்தால் அக்கா எழ வேண்டும், சிறுபிள்ளையாக இருந்த செல்வமும் வர வேண்டும், உங்கள் வீட்டில் தங்கிப் பசுமலைப் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்த நானும் வர வேண்டும். பிடிக்காத படத்தைப் பாதிக்கு மேல் பார்ப்பது உங்களைப் பொறுத்தவரை ஏமாளியின் வேலை.

தியேட்டருக்கு எதிர்த்த டீக்கடையில் அதற்காகவே ஒரு கூட்டம் நிற்கும். நீங்கள் இடைவேளையில் வெளியே வந்துவிட்டால் படம் ஊற்றிக்கொண்டது என்று பொருள். "அரைப்பட அண்ணே" என்றுதான் உங்களுக்குப் பெயர். அது உங்களுக்கும் பிடித்திருந்தது.

"என்னண்ணே, அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்டா. ரெண்டாம் பாதியில அவ சாவா. இவன் தாடி வச்சுக்கிட்டு அழுவான். இதைப் பாக்க பால்கனி டிக்கெட்டு ஒரு கேடு."

கடை முழுக்கச் சிரிக்கும். சற்றுத் தள்ளி, கண்ணைத் துடைத்தது தெரியாமலிருக்க அக்கா செல்வத்தின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டு நிற்பார். பஸ்ஸில் வரும்போது மீதிக் கதையை நீங்களே சொல்லி முடிப்பீர்கள். நீங்கள் சொன்ன எல்லாக் கதையிலும் கதாநாயகி செத்தாள். விஷம் குடித்தோ, கிணற்றில் விழுந்தோ, எப்படியோ செத்தாள். வீட்டுக்கு டிவி வந்த பிறகாவது அக்கா ஒரு படத்தை முழுதாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். ரிமோட் உங்கள் தலையணைக்கு அடியில் இருந்தது.

அன்றைக்குப் பார்த்த படத்தைப் பற்றி நான் என்ன சொல்வது? நாயகன் முதலில் கையால் அடித்தார், பிறகு அரிவாளால், பிறகு ஏதோ ஒரு பெரிய துப்பாக்கியால். எதற்காக என்பது எனக்குப் பிடிபடவில்லை. வசனம் காதில் விழாத அளவுக்கு இசை. பெயர் போடும்போதே செல்வம் என் காதில், "மாமா, அப்பா இருந்தா இதுக்கே எந்திரிச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் மனைவியும் சிரித்தாள். உங்களுக்கான துக்கம் கரைய அதிக நேரம் பிடிக்கவில்லை என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இடைவேளை வந்தது. விளக்குகள் எரிந்தன. அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்து நின்றார். திரும்பிப் பார்த்தால் செல்வம் எழுந்து நிற்கிறான். நானும் நின்றுகொண்டிருந்தேன். நான் எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. மண்ணுக்குள் போன பிறகும் எங்களை எழுப்பிவிட்டீர்கள், மச்சான்.

"போவமா?" என்று அக்கா கேட்டார்.

"இன்னும் பாதி இருக்குக்கா" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அக்கா வெளியே போகும் கதவைப் பார்த்தார். பிறகு தன் இருக்கையைப் பார்த்தார். "உக்காந்துக்கிறலாமாடா?" என்று கேட்டார். எழுபது தாண்டிய மனுஷி, காசு கொடுத்து வாங்கிய இருக்கையில் உட்காரலாமா என்று என்னிடம் கேட்கிறார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். செல்வம்தான், "உக்காரும்மா, ஒன்னைய எவன் எழுப்புறான்னு பாத்துருவோம்" என்றான்.

அக்கா உட்கார்ந்தார். பாப்கார்ன் வாளியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை பார்த்தார். கடைசி என்றால் படம் முடிவது வரை அல்ல. எடுத்தவர்கள், சாப்பாடு போட்டவர்கள், கார் ஓட்டியவர்கள் என்று சின்ன எழுத்தில் போகும் பெயர்கள் வரை. பெருக்குவதற்குத் துடைப்பத்தோடு ஒரு அம்மாள் வந்து நின்றார்.

"முடிஞ்சிருச்சும்மா."

"இனிமே ஒண்ணும் வராதுல்ல?"

"வராதும்மா. இனி அடுத்த ஆட்டந்தான்."

அதன் பிறகுதான் எழுந்தார். காரில் திரும்பும்போது யாரும் கேட்காமலேயே சொன்னார்: "ரெண்டாம் பாதி சவசவன்னு கெடந்துச்சுடா. அவரு இருந்திருந்தா சரியாத்தான் சொல்லியிருப்பாரு."

உண்மைதான். இரண்டாம் பாதி குப்பை. உங்கள் கணிப்பு அநேகமாகத் தப்பியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குப்பையைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் செத்துப்போனதில் உங்களுக்கு நேர்ந்த நஷ்டங்களில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் நான் மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பசுமலையிலிருந்து பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். செல்வம் சுவரில் பெரிய டிவி மாட்டியிருக்கிறான். பழைய படங்களைத் தேடி எடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தான். அக்காவுக்குப் படங்களின் பெயர் தெரியாது. "அவ ஊதாச் சேலை கட்டி வருவாள்ல, அண்ணனுக்குப் பேச்சு வராதுல்ல" என்று அடையாளம் சொல்வார். நான் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுவேன். சரியான படம் கிடைத்ததும், "முன்பாதி வேணாம், அது பாத்தாச்சு" என்பார். இடைவேளை என்று எழுத்து வரும் இடத்துக்கு ஓட்டிவிட்டு அங்கிருந்து பார்க்கிறோம்.

அந்த ஊதாச் சேலைக்காரி படம் நினைவிருக்கிறதா? பேச்சு வராத அண்ணனை வைத்துக் காப்பாற்றும் பெண். மழையில் ரயில்வே கேட்டில் தனியாக நிற்பாள். ரயில் ஊதும் சத்தம் கேட்கும். இடைவேளை. "ரயில்ல விழுந்து சாவா, வா" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தீர்கள். அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை.

அவள் சாகவில்லை, மச்சான். ரயில் போய்விடுகிறது. கேட்டைத் திறக்கிறார்கள். அவள் குடையை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்து போகிறாள். பிறகு அண்ணனுக்குக் கல்யாணம் செய்துவைக்கிறாள், இட்லிக்கடை போடுகிறாள், முன்பாதியில் தன்னை ஏமாற்றியவன் வந்து நிற்கும்போது அவனுக்கு இலையைப் போட்டுவிட்டுக் காசை வாங்கிக் கல்லாவில் போடுகிறாள். கடைசிக் காட்சியில்கூட உயிரோடு இருக்கிறாள்.

படம் முடிந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார். பிறகு, "இவ சாகலையாடா?" என்றார்.

"சாகலைக்கா."

"இம்புட்டு வருசமா இவளைச் செத்துட்டான்னுல்லடா வச்சிருந்தேன். ரயிலுச் சத்தம் கேக்குறப்பல்லாம் இவ நெனப்புத்தான்டா வரும். பாவி மனுசன், கட போட்டு ஒக்காந்திருக்கவளக் கொன்னுபுட்டாரே."

அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். நான் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், ஆதாரமில்லாமல் பேசப் பயப்படுகிறவன். தவறாகவும் இருக்கலாம். ஆனால் நாம் எழுந்துவந்த படங்களையும் உட்கார்ந்து முடித்த படங்களையும் நினைவிலிருந்து பிரித்துப் பார்த்தேன். முழுதாகப் பார்த்ததெல்லாம் அக்கா கொட்டாவி விட்ட சண்டைப் படங்கள். எழுந்து வந்ததெல்லாம் அக்கா இருக்கையின் நுனிக்கு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு பார்த்த படங்கள். பால்கனி ஓர இருக்கையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் திரையைத்தான் பார்த்தீர்களா? அல்லது திரை வெளிச்சம் விழுந்த அக்காவின் முகத்தையா? அந்த முகம் உங்களை மறந்துவிட்டது என்று தெரிந்த நிமிஷம்தான் படம் உங்களுக்குப் பிடிக்காமல் போனதா?

பதில் சொல்ல உங்களால் முடியாது. முடிந்த காலத்தில் கேட்க என்னால் முடியவில்லை.

உங்கள் போட்டோவைச் செல்வம் வாசலுக்கு மேலே, தெருவைப் பார்க்க மாட்டியிருந்தான். மாலை, சின்னச் சிவப்பு பல்பு எல்லாம் உண்டு. போன வாரம் அக்கா அதைக் கழற்றச் சொன்னார். டிவிக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார்.

"ஏம்மா, அங்க வச்சா யாரு பாப்பாக?" என்றான் செல்வம்.

"அவுக பாக்கட்டும்" என்றார் அக்கா.

மறுநாள் இடைவேளை எழுத்து வந்தபோது படத்தை நிறுத்தச் சொன்னார். திரும்பி உங்களை நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க, எந்திரிக்கலையா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்தார். பிறகு என்னிடம், "போடுடா தம்பி, அவுக இருக்காகளாம்" என்றார். நான் சிரித்தேன். உங்கள் முன்னால் நான் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

இன்னும் நிறையப் படங்கள் இருக்கின்றன, மச்சான். அக்காவுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்துகொண்டே இருக்கிறது. என்னால் நடக்க முடிகிறவரை மத்தியான பஸ்ஸில் வருவேன். நீங்கள் கொன்ற பெண்களை ஒவ்வொருத்தியாக உங்கள் கண்ணெதிரில் எழுப்பிக் கடைசிக் காட்சிவரை நடக்கவிடுவேன். உண்மையிலேயே செத்தவள் யாராவது இருந்தால், அவள் செத்ததையும் அக்கா தானே பார்த்துக்கொள்வார். மின்சாரம் போனால் டிவி மட்டும் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, உங்கள் பல்பு அணைந்துவிடுகிறது. அதற்கும் செல்வத்திடம் சொல்லி இணைப்புக் கொடுத்துவிட்டேன். ஒரு காட்சியும் உங்களுக்கு விட்டுப்போகாது. இது என் வாக்கு.

இப்படிக்கு,
சரசுவின் தம்பி