கையில் குத்திய பேர்

அக்கா,

காலையில் மருமகள் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துக் கரண்டியோடு அடுப்பில் காட்டினாள். எனக்குக் கால் சுளுக்கு. அந்த வாசம் வந்ததும் கால் மறந்துபோய் நீ வந்துவிட்டாய். எழுத்து அறியாதவள் நான். நான் சொல்லச் சொல்ல மகன் எழுதுகிறான்.

விளாங்குடியிலிருந்து திருமங்கலத்துப் பக்கம் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது எனக்குப் பேச்சியம்மா என்று ஒரு பேர் இருந்தது. மாமியாருக்கும் அதே பேர். மாமியார் பேரைச் சொல்லி மருமகளை அதட்ட முடியுமா? அன்றிலிருந்து நான் விளாங்குடிக்காரி. இதை எழுதுகிற மகனுக்கே என் பேர் வெகுநாள் தெரியாது. மூத்த மருமகளான நீயும் அங்கே சிம்மக்கல்காரிதான். மாட்டை மட்டும் லட்சுமி என்று கூப்பிட்டார்கள். பொல்லாத மாடு அது. ஒருநாள் மாமனார் வேட்டியைக் கொம்பில் உருவிக்கொண்டு ஓடியதே, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு வைக்கோல்போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாய். அது கிடக்கட்டும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷச் சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க உன் அம்மா வீட்டுக்குப் போனோம். புருசன் பேரைக் கையில் பச்சை குத்திக்கொண்டு வரச் சொல்லித்தான் மாமியார் என்னை அனுப்பினார். வைகை மணலில் பச்சை குத்துகிற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேர் கேட்டாள். புருசன் பேரை நான் வாயால் சொல்லக் கூடாது. நீதான் சொல்ல வேண்டும். நீ சொல்லவில்லை. உன் கையை நீட்டிக் காட்டினாய். அதில் உன் புருசன் பேர் மங்கி, எறும்பு ஊர்ந்த தடம்போல இருந்தது.

"என் கையில எடம் போயிருச்சு. உன் கை இன்னும் வெறுங்கைதான். யாரு பேரு வேணும்னு நீயே சொல்லு."

"அழகரே எறங்கிட்டாரு, நீ என்ன தாயி இம்புட்டு யோசிக்கிற" என்றாள் அந்த அம்மாள். என் வாயால் என் பேரைச் சொன்னேன். வேறு யாரையோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. வீங்கிய கைக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் நீதான் போட்டுவிட்டாய்.

ஊருக்கு வந்ததும் மாமியார் கொழுந்தனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். "பேச்சியம்மா" என்று வாசித்தான். முகம் கறுக்கப்போகிறது என்று நின்றேன். அவரோ என் கையைத் தூக்கித் தடவினார்.

"என் பேரையா குத்திருக்க?"

அவர் கண் கலங்கிவிட்டது. அவரையும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட ஊரில் ஆள் இல்லை. அன்று எனக்குத்தான் முதல் சோறு, அதில் கெட்டித் தயிர். பேசாமல் தின்றிருந்தால் சாகுமட்டும் நல்ல மருமகளாக இருந்திருப்பேன். நீ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாய். சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சோற்றில் கை வைக்காமல் சொன்னேன். "இது என் பேரு அத்தே."

மாமியார் எழுந்து உள்ளே போனார். பொங்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. நீ குழவியை நிறுத்தினாய். "பேச்சியம்மா, தண்ணிக்குப் போவோம் வா" என்று வீடே கேட்கும்படி கூப்பிட்டாய். உள்ளேயிருந்து மாமியாரும் எட்டிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

கம்மாய்க்கரையில் உன் பேரைக் கேட்டேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாய்.

நீ போன அன்று பெண்கள் சிம்மக்கல்காரி என்றே சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். நான் உன் பேரைச் சொல்லி அழுதேன். அவர்கள் அழுகை நின்றது. பக்கத்தில் இருந்தவள், "அது யாரு?" என்று கேட்டாள்.

"இந்தா கெடக்காளே, இவதான்."

இப்போது எந்த வீட்டுத் துட்டிக்குப் போனாலும், அழ உட்காருமுன் செத்தவள் பேரைக் கேட்டுக்கொள்கிறேன். சில வீடுகளில் கொஞ்ச நேரம் யோசிக்கிறார்கள். அதுவரை நின்றுகொண்டே இருக்கிறேன்.