முதலையும் மூன்றாம் ஆளும்

மே 5, திங்கள்

டைரியே, மன்னித்துக்கொள். மணி பன்னிரண்டாகிறது. என் பிள்ளை சேஷு இப்போதுதான் தூங்கினான். தூங்கினானா, அழுது களைத்துப் போனானா? நாலு வயதில் இவ்வளவு தொண்டையா?

காரணம் நான்தான். சாயங்காலம் லிஃப்டில் இவனும் பக்கத்து ஃப்ளாட் மராத்திப் பெண் ஓவியும் சண்டை. இவனுடைய துணி முதலை அவளுக்கு வேண்டும். அவளுடைய சைரன் வைத்த தீயணைப்பு வண்டி இவனுக்கு வேண்டும். மாற்றிக்கொள்ள இருவருக்கும் சம்மதம்தான். ஆனால் "நீ மொதல்ல குடு" என்று இவன், அதையே இந்தியில் "பெஹ்லே தூ தே" என்று அவள் — ஒருவரும் கையை விடவில்லை. லிஃப்ட் கதவு மூடி மூடித் திறந்தது.

எம்.காம். படித்தவள் சும்மா இருப்பேனா? "எஸ்க்ரோ பண்ணலாம்" என்றேன். இருவரும் பொருளை ஒரு மூன்றாம் ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். பேசியபடி எல்லாம் இருந்தால் அவர் மாற்றிக் கொடுப்பார். அந்த மூன்றாம் ஆள், கீழ் ஃப்ளாட் பக்தவத்சலம் மாமா. பாங்கில் எஸ்க்ரோ கணக்குகளைப் பார்த்தவர். கட்டடம் எழும்ப எழும்பத்தான் பில்டருக்குப் பணத்தை விடுவாராம். ஓய்வு பெற்றுப் பொழுது போகாமல் இருக்கிறவர். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டியைச் சோதித்தார். சைரன் அடிக்கவில்லை.

"சைரனோட வண்டின்னுதானே பேச்சு? கண்டிஷன் நிறைவேறலை. ரெண்டும் என்கிட்டயே இருக்கட்டும்."

பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். முதலை இல்லாமல் சேஷு தூங்கமாட்டான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மே 6

மாமா முன்னாலேயே புது பேட்டரி போட்டும் சைரன் ஊமை. "போறும் மாமா, முதலையத் திருப்பிக் குடுத்துடுங்கோ" என்றேன்.

"ஒரு பார்ட்டி மட்டும் கேட்டா எப்படிம்மா குடுப்பேன்? நாளைக்கு ஓவி வந்து ஏன் குடுத்தேள்னு கேட்டா?"

"அவளுக்கு அஞ்சு வயசு மாமா!"

"வயசப் பார்த்தா நியாயம் பேசறது?"

ஓவி ஊரின் மறுகோடியில், கோந்த்வாவில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள். ஞாயிறுதான் வருவாளாம். ஐயோ.

மே 7

தூக்கமில்லை. என் வீட்டுக்காரர் விச்சு தன் சாக்ஸில் பஞ்சடைத்து "இதாண்டா முதலை" என்று நீட்டினார். சேஷு முகர்ந்து பார்த்துவிட்டு இன்னும் சத்தமாக அழுதான்.

மே 8

ஓவியின் சம்மதத்தை வாங்க ஆட்டோ பிடித்துக் கோந்த்வா போனேன். ஒரு முதலைக்காக! எனக்கு என்ன ஆயிற்று?

ஓவி சோஃபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "மலா பாணிபூரி பாஹிஜே" என்றாள். பாணிபூரி வேண்டுமாம். ஒரு தட்டு. அப்புறம் இன்னொரு தட்டு. அதற்குப் பிறகுதான் வாட்டர் கலரில் கட்டைவிரலைத் தோய்த்து, நான் எழுதிக் கொண்டுபோன சம்மதக் காகிதத்தில் பதித்தாள். ஊதாக் கலர். அவளுடைய அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா அந்தக் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "சேஷுவோடதும் வேணும்." அவனும் பதித்தான். காகிதத்தில் ஒன்று, மாமாவின் வேட்டியில் நாலைந்து. பீரோ திறந்தது. வண்டி ஓவி வீட்டுக்கு, முதலை எங்களுக்கு.

எட்டு மணிக்கே தூங்கிவிட்டான். வீடு இவ்வளவு அமைதியாகவா இருக்கும்? பயமாக இருக்கிறது. மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

மே 11, ஞாயிறு

ஓவி வந்துவிட்டாள். இரண்டும் சேர்ந்து என்னை விளையாடக் கூப்பிட்டன. "அஞ்சே நிமிஷம்டா" என்றேன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்பவும் இதான் சொல்லுவே. எஸ்க்ரோ!" சேஷு போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான், ஓவி பின்னாலேயே. நான் படியிறங்குவதற்குள் போனை மாமா பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று. அம்மா ஒரு மணி நேரம் விளையாடினால்தான் ரிலீஸாம். மாமா கண்டிஷனை எழுதியே வைத்துக்கொண்டார், சிரிக்காமல்.

குதிரையாக விளையாடினேன். முட்டி தேய்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. முடித்துவிட்டுப் போனால் மாமா விளக்கை அணைத்துவிட்டிருந்தார்.

சேஷு குறட்டை விடுகிறான். என் கைதான் தலையணைக்கடியில் துழாவித் துழாவித் திரும்புகிறது. இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் கதவடியில் தள்ளிவிடப் போகிறேன்.

மாமா, ஒரு மணி நேரத்துக்கு மேலேயே விளையாடிவிட்டேன். இரண்டு பார்ட்டிக்கும் திருப்தி, கேட்டுப் பாருங்கள். தயவுசெய்து சீக்கிரம் போனை ரிலீஸ் பண்ணுங்கள்.

— ப்ரீதி