அக்காவுக்காகப் பார்த்த மொஸ்கோ

மொஸ்கோ
18.11.1990

அன்புள்ள அக்காவுக்கு,

இதனால் வெள்ளவத்தை வாழ் சகலருக்கும், குறிப்பாக எங்கள் ஒழுங்கையில் குடியிருப்போருக்கும் அவர்களது நாய்களுக்கும் அறியத்தருவது யாதெனில்: இன்று காலை எட்டு மணி பத்து நிமிடமளவில், திருவாளர் சவுந்தரநாயகம் அவர்களின் மீசை உறைந்துபோனது. மொத்தம் பதினொரு மயிர்கள். உயிர்ச்சேதம் இல்லை.

மஸ்கட் இனிப்புக்கு ஆசைப்பட்ட வாய் மொஸ்கோவுக்கு வந்து முட்டைக்கோவா சூப் குடிக்கிறது. என் அறையில் மஷூர் என்று ஒருவன், கொழும்பு கிராண்ட்பாஸ் பெடியன். இருவரும் இந்த வருடம் முழுக்க ரஷ்ய மொழி மட்டும் படிக்கவேண்டும். ஆசிரியை என் பெயரைச் சொல்ல முயன்று பாதியில் தண்ணீர் குடித்தா.

இனி ஒப்பந்த விடயம். நான் விமானம் ஏறிய அன்றும் நீ கேற்றுக்கு உள்ளே நின்றுதான் கையசைத்தாய். ஜூனில் அடையாள அட்டையை வீட்டில் மறந்து சந்தைக்குப் போய், பொலிஸ் நிலையத்து மர வாங்கில் ஒரு பகல் முழுக்க இருந்துவிட்டு வந்தாய் அல்லவா, அன்றிலிருந்து அந்தக் கேற் உனக்கு நாட்டின் எல்லையாகிவிட்டது. ஆகவே நாம் கைச்சாத்திட்டபடி, நான் இங்கே ஒரு இடம் பார்த்தால் நீ அங்கே ஒரு இடம் போகவேண்டும். அம்மா சாட்சி.

முதலில் சுரங்க ரயில். படிகள் தாமாகவே இறங்குகின்றன. மூன்று நிமிடம் இறங்கினேன், அக்கா. அடியில் இருட்டு இருக்கும் என்று நினைத்தால், ஒரு அரண்மனை! பளிங்குத் தூண்கள், சரவிளக்குகள், கூரையெல்லாம் சித்திரம். வேலைக்குப் போகிற சனம் கோவாவும் பாணும் பையில் தூக்கிக்கொண்டு அதற்குள்ளால் நடக்கிறது, அண்ணாந்து பார்ப்பதே இல்லை. ஒரு நிலையத்தில் வெண்கலச் சிலைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் ஒரு நாயின் மூக்கை மட்டும் போகிறவர்கள் எல்லாரும் தடவித் தடவி, அது பொன்னாக மினுங்குகிறது. பரீட்சைக்குப் போகிறவர்கள் தடவினால் பாஸாம். நானும் தடவினேன். வெண்கலம் சூடாக இருந்தது, எனக்கு முன்னால் தடவியவரின் கைச்சூடு. வாய் திறந்தபடி நின்றதில் இரண்டு ரயில்களை விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பெரிய அரங்கில் நடனமும் பார்த்தேன். ஒருத்தி கால்விரல் நுனியில் நின்று முப்பது தடவை பம்பரமாகச் சுற்றினாள். அற்புதம்.

உன் முறை. ஒழுங்கையின் முடிவில் இருக்கும் கடற்கரை. சாட்டுப்போக்கு ஏற்கப்படமாட்டாது.

அன்புத் தம்பி,
சவுந்தர்


வெள்ளவத்தை
10.12.1990

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. யாரோ பிரித்துப் பார்த்து ஒட்டியிருந்தார்கள். உன் மீசைச் செய்தி மேலிடத்துக்கும் தெரிந்திருக்கும். அம்மா சிரிக்கவில்லை. "மீசை எப்ப முளைச்சது? ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்று கேட்டா. அவவுக்குத் தனியாக நாலு வரி எழுதினால் உன் கை உறைந்துவிடுமா?

கடற்கரைக்குப் போனேன். ஒரே நாளில் இல்லை. முதல்நாள் கேற்றின் கொளுக்கியைக் கழற்றி, திரும்பவும் கொளுவினேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு மதில் வரை. மூன்றாம் நாள் அம்மா கேற்றில் நின்று, "நான் பாத்துக்கொண்டு நிக்கிறன், நீ நடந்து போ பிள்ளை" என்றா. எங்கள் வீட்டிலிருந்து ரயில் பாதைக்கு எத்தனை அடி என்று உனக்குத் தெரியுமா? நூற்றுத் தொண்ணூற்றாறு. பாதையோரம் ஒரு ஆமிப் பெடியன் கொய்யாக்காய் தின்றுகொண்டு நின்றான். என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு மாதமாக வெறும் சத்தமாக இருந்த கடல், தம்பி. அது இவ்வளவு பெரிது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். தெற்கே கல்கிசைப் பக்கம் முழுக்க வெயில், வடக்கே கோட்டைப் பக்கம் முழுக்க மழை. இரண்டையும் ஒரே கடல் வைத்திருந்தது. பாறையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வந்து கையை விரித்தபோதுதான் கண்டேன், அடையாள அட்டையின் நாலு மூலையும் உள்ளங்கையில் பதிந்திருந்தன.

ஒரு முறைப்பாடு. சுரங்க ரயிலுக்கு ஒரு பக்கம், நடனத்துக்கு இரண்டு வரி. எனக்கு நடனம்தான் வேண்டும். திரை என்ன நிறம்? பெண்கள் தலையில் என்ன வைத்திருந்தார்கள்? கஞ்சத்தனம் பண்ணாமல் எழுது.

இப்படிக்கு,
அன்பு அக்கா
அருள்நாயகி


மொஸ்கோ
2.1.1991

அன்புள்ள கடலரசிக்கு,

நூற்றுத் தொண்ணூற்றாறு அடிக்கும் அடிக்கு ஒன்றாகப் பாராட்டு. அம்மாவுக்குத் தனித்தாள் இணைத்துள்ளேன். மீசையின் வளர்ச்சி அறிக்கை அதில் இருக்கிறது.

திரை சிவப்பு. பெண்கள் தலையில் வெள்ளை இறகு. போதுமா?

இங்கே நான் சும்மா இருக்கவில்லை. சித்திரசாலைக்குப் போனேன். ஒரு படம் எங்கள் வீட்டுச் சுவரைவிடப் பெரியது. அதில் மழை பெய்தால் நமக்குக் குளிரும். அதற்கடுத்த கிழமை சர்க்கஸ். கரடி சைக்கிள் ஓடியது, நம் மாமாவைவிட ஒழுங்காக. வளைவில் கைகூடக் காட்டியது. மொஸ்கோவில் சவுந்தரநாயகம் கால் படாத மண்டபம் இனி இல்லை. டிக்கட் கிழிக்கிறவர்கள் என்னைக் கண்டு எழுந்து நிற்கிறார்கள் என்று எழுதலாம், ஆனால் தற்புகழ்ச்சி எனக்குப் பிடிக்காது.

வெண்பனியையும் கண்டேன். மஷூரும் நானும் விடுதி வாசலில் நின்றோம். அவன், "மச்சான், சத்தமே இல்லாம உழுவுது பாரு" என்றான். உண்மைதான் அக்கா. நம் ஊரில் எது விழுந்தாலும் சத்தம் கேட்கும். இங்கே ஒரு ஊர் முழுவதையும் மூடுகிற அளவுக்கு விழுகிறது, ஒரு சொட்டுச் சத்தமும் இல்லை. இருவரும் பேசாமல் நின்றோம். நான் பேசாமல் நின்றேன் என்றால் அது எப்படிப்பட்ட பனி என்று யோசித்துக்கொள்.

உன் முறை. பஸ் ஏறி, கொழும்பு நூதனசாலை. ஓம், பஸ் ஏறித்தான்.

உலகம் சுற்றும்
சவுந்தர்


வெள்ளவத்தை
24.1.1991

என் அன்புத் தம்பிக்கு,

போய்விட்டு வந்தேன்.

பம்பலப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு ஆமிக்காரன் என் அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தான். "நங்கி, ஒஹொம இன்ன" என்றான். தங்கச்சி, அப்படியே நில் என்று. அட்டையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். மற்றவர்கள் ஏறினார்கள். கொண்டக்டர் என்னைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான், பஸ் போய்விட்டது.

ஒன்பது நிமிடம் நின்றேன். கையில் அட்டை இல்லை. அதே ஜூன் மாதம் மாதிரி. பிறகு அவன் வந்தான், அட்டையைத் தந்தான், "ஹரி, யன்ன" என்றான். சரி, போகலாமாம். அவ்வளவுதான்.

திரும்பி நடந்தால் வீடு பக்கம். நூதனசாலை இன்னும் தூரம். சவுந்தர் என்றால் போயிருப்பான் என்று நினைத்தேன். பாஷை தெரியாத ஊரில், பெரிய பெரிய மண்டபங்களுக்குள் என் தம்பி தனியாக நுழைந்து போகிறான், எனக்கு என்ன குறை? அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

அங்கே ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஒரு வீட்டுக் கூரைக்கு உள்ளே நிற்கிற மாதிரி. இத்தனை பெரிய ஒன்று நாங்கள் இருக்கிற இதே கடலில், யாரிடமும் ஒன்றும் கேட்காமல் போய்வந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நான் அழுதேன். துக்கத்தால் இல்லை.

வரும் திங்கட்கிழமையிலிருந்து, ஜூனோடு நின்ற பழைய கந்தோர் வேலைக்கே போகிறேன். அம்மா உனக்காகப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா. உன் கடிதங்கள் இல்லாவிட்டால் நான் இன்னும் கேற்றடியில்தான் நின்றிருப்பேன்.

அன்பு அக்கா
அருள்நாயகி


மொஸ்கோ
17.2.1991

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று அறிவித்தல் ஒன்றும் இல்லை.

உன் கடிதத்தை மஷூருக்கு வாசித்துக் காட்டினேன். அவன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்தான். "இதுக்குப் பொறகும் நீ அவங்களுக்குக் கத உட்டா, வாப்பா மேல சத்தியமா நானே காயிதம் எழுதிப் போடுவன்" என்றான். அவன் எழுதுவதைவிட நானே எழுதுவது நல்லது.

நான் நடனம் பார்க்கவில்லை, அக்கா. சித்திரசாலைக்குள் போகவில்லை. கரடியும் என்னுடையது இல்லை, மஷூருடையது. அவன் பார்த்துவிட்டு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னதை எழுதினேன். திரையின் நிறத்தை அவனை எழுப்பித்தான் கேட்டேன்.

இங்கே ஒரு வழக்கம். எந்த மண்டபமானாலும் வாசலில் ஒரு நீண்ட மேசை. கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கோட்டோடு போவது மரியாதைக்கேடு, விடவே மாட்டார்கள். என் அடையாள அட்டை கோட்டின் உள்துணிக்குள் இருந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் நானே தைத்தேன். ஜூனில் உன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பொலிசுக்கு ஓடினேனே, உன்னை அந்த வாங்கில் கண்டேனே, அன்றைக்கே முடிவு எடுத்தேன், என்னுடையது என் உடம்பை விட்டு விலகக்கூடாது என்று. மொஸ்கோவில் அதைக் கேட்க ஒரு ஆளில்லை. எனக்கும் தெரியும்.

அரங்கில் மேசைக்குப் பின்னால் நின்ற ரஷ்யப் பெண்மணி கோட்டின் ஒரு கையைப் பிடித்தா. நான் மற்றக் கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் கயிறிழுப்புப் போட்டி மாதிரி. அவ கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் நில்லு பிள்ளை" என்று கையைக் காட்டினா. அந்தக் கையைக் கண்டதும் அந்தப் பொலிஸ் நிலையம் நினைவுக்கு வந்தது, அக்கா, பறித்துக்கொண்டு ஓடினவன்தான். சுரங்க ரயில் கடைசி நிலையம் வரை போனேன். அங்கே கோட்டைக் கழற்றச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் அதை அவ்வளவு நன்றாகப் பார்த்தேன்.

மஷூர் தையலைப் பிரித்து அட்டையை என் சட்டைப் பையில் போட்டுவிட்டான். இனிச் சரி என்று சித்திரசாலைக்குப் போனேன். மேசையைக் கண்டதும் கை பொத்தானைக் கழற்ற மறுத்தது. சர்க்கஸிலும் அப்படியே. அட்டையில் குறை இல்லை, என்னில்தான்.

நீ என்னை நினைத்து இரண்டாவது பஸ் ஏறினாய் என்ற வரியைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை. அந்த நேரம் உன் வீரத் தம்பி எங்கே என்று கேட்டால், ஏதோ ஒரு மண்டபத்துக்கு வெளியே, பனியில், கோட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றிருப்பான்.

வரும் சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை நடனத்துக்கு மஷூர் மறுபடியும் இரண்டு டிக்கட் எடுத்திருக்கிறான். இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர முன்னமே அந்த நாள் போய்விடும். அதற்கடுத்ததற்காவது உன் பதில் வேண்டும்.

என்னை ஏசு, அம்மாவிடம் சொல்லு, ஒழுங்கை முழுக்க வாசித்துக் காட்டு. அதெல்லாம் முடிந்த பிறகு ஒன்றை மட்டும் எழுது, அந்த மேசைக்கு முன்னால் நானும் அப்படியே நின்று பார்க்கிறேன். அட்டை போய்விட்டது, பஸ்ஸும் போய்விட்டது. அந்த ஒன்பது நிமிடமும், அக்கா, நீ கையை எங்கே வைத்துக்கொண்டு நின்றாய்?

வெட்கத்துடன்,
சவுந்தர்