கருப்பையா பேரனின் இடக்கால் பூட்ஸ்

இன்று காலை அலமாரியை ஒழிக்கும்போது உன் இடக்கால் பூட்ஸ் கையில் தட்டுப்பட்டது. நீ கண்ணை மூடிய பிறகு உன் மனைவி என்னிடம் கொடுத்தது. கல்லூரி அணியில் நாம் ஆடிய காலத்தில், உன் ஆறாவது விரலுக்கு இடம்விட்டு நீயே கத்தியால் அறுத்த ஓட்டை அப்படியே இருக்கிறது. பார்த்ததும் அழுகை வரவில்லையடா, கோபம்தான் வந்தது.

கல்லூரி மண்டபத்தில் மாட்டியிருக்கும் அந்தப் படத்தை நினைத்துத்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய கால்பந்து அணி. பத்துப் பேர் பூட்ஸோடு, ஓரத்தில் ஒருவர் வெறுங்காலோடு. கீழே பத்துப் பெயர்கள். பதினோராவது இடத்தில் ‘புல்வெட்டி’ என்று மட்டும். ஆள் குறைந்ததால், மைதானத்தில் புல் வெட்டியவரை அந்த ஆண்டு முழுக்க ஆடவைத்திருக்கிறார்கள்.

ஆட்டத்துக்குக் கிளம்புமுன் படத்தின் கண்ணாடிமேல் அந்த வெறுங்காலைத் தொட்டுவிட்டுப் போவது நம் அணியின் வழக்கம். நீ ஒருவன்தான் குனிந்து விரல்களை எண்ணினாய்.

“டேய், ஆறுடா! இது எங்க தாத்தா கருப்பையாடா!”

மூவார் ஊரில் நடந்த ஆட்டத்தில், கொட்டுகிற மழையில், பூட்ஸ்காரர்களெல்லாம் வழுக்கி விழ, தாத்தா கோல் போட்டார் என்று காஹாங்கில் உங்கள் வீட்டில் உன் அப்பா சொல்வாராம். மறுநாள் காலையே அவரைப் புல் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்களாம். நீ அந்த விரல்களை எண்ணும்வரை வீட்டில் ஒருவரும் அதை நம்பியதில்லை.

போன வருஷம் மண்டபத்தைப் புதுப்பித்தபோது, படத்தின் கீழே உன் தாத்தா பெயரை எழுதச் சொல்லிப் பழைய மாணவர் கூட்டத்துக்குப் போனோம். செயலாளர் நம் ஆள்தான். “ஆதாரம் வேணுமே அங்கிள்” என்றார். நீ காலணியைக் கழற்றி, காலுறையை உருவி, இடக்காலைத் தூக்கி மேசைமேல் வைத்தாய், தேநீரோடு தின்ன வைத்திருந்த காரிபாப் தட்டுக்குப் பக்கத்தில்.

“எண்ணிப் பாருங்க லா.”

எல்லாரும் சிரித்தார்கள். வேண்டுமானால் ‘பூட்ஸ் வாங்க வசதியில்லாத ஏழைத் தொழிலாளி’ என்று போடலாம் என்றார் செயலாளர்.

“எங்க தாத்தாவுக்கு பூட்ஸ் இல்லாம இல்ல. பூட்ஸுலதான் அவரு காலுக்கு இடமில்ல. பேர எழுதுங்க, பரிதாபம் வேணாம்” என்றாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உனக்குத் தெரியும். மானம் போகிறது என்று உன் காலைப் பிடித்து மேசையிலிருந்து இறக்கியவன் நான்தான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், பிறகு குனிந்து காலுறையை மாட்டிக்கொண்டாய். எட்டு மாதத்தில் போயும்விட்டாய்.

இன்று மதியம் பூட்ஸை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். ‘புல்வெட்டி’க்கு மேல் ‘கருப்பையா’ என்று எழுதிய அட்டையை ஒட்டினேன். கீழே மேசைமேல், ஓட்டை தெரியும்படி பூட்ஸை வைத்தேன். காவலாளி ஓடிவந்தார்.

“அலமாக், அங்கிள்! செயலாளர் பாத்தா கிழிச்சிப் போட்டுருவாரு.”

“கிழிக்கட்டும் லா. நான் நாளைக்கும் வருவேன்.”

பையில் இன்னும் இருபது அட்டை இருக்கிறது. எல்லாவற்றிலும் உன் தாத்தா பெயரை எழுதிவிட்டேன். செயலாளர் வரட்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் இதை உனக்கு எழுதுகிறேன். இந்த முறை அந்தக் காலை மேசையிலிருந்து நான் இறக்கப்போவதில்லை.