மோர் ஊற்றிய பீங்கான்

அம்மா,

இன்று காலை மோர் கடைந்து ஊற்றும்போது, நீலக் கரை போட்ட அந்தப் பீங்கான் கிண்ணம் கைக்கு வந்தது. சிங்கப்பூரில் உங்களிடம் வேலை பார்த்தபோது நீங்கள் கொடுத்தது. நீங்கள் காலமான செய்தி, இரண்டு மாதம் கழித்துக் கடிதமாக நகரிக்கு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. என் மேல் எனக்கே கோபமாக இருந்தது.

உங்கள் யூத சமூக மன்றத்தில் நான் சமையலுக்குச் சேர்ந்த சமயம், இங்கே ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் யாருக்கு என்ற இழுபறி நடந்துகொண்டிருந்தது. தறி நெய்யும் என் தம்பி எழுதும் கடிதம் முழுக்க அந்தப் பேச்சுதான். எனக்கோ வேறு கவலை. வீட்டுக்காரர் துறைமுகத்தில் கால் முறிந்து படுத்திருந்தார். உங்களிடம் பார்த்த வேலையும், பின்கட்டில் நீங்கள் தந்த அறையும் போனால் நாங்கள் தெருவில்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் உள்ளூர் யூதர்கள் எல்லோரும் கூடுவார்கள். கப்பலில் வந்து இறங்கியவர்களும் கூச்சத்தோடு வந்து உட்காருவார்கள். யாரையும் எந்த நாடு என்று நீங்கள் வாசலில் கேட்டதில்லை. "மொதல்ல துன்னட்டும்க்கா, அப்பறம் கேட்டுக்கலாம்" என்பீர்கள். என்னிடம் பழகியதால் உங்களுக்கு வந்தது எங்கள் நகரித் தமிழ். துரைசானி மாதிரி இருந்துகொண்டு நீங்கள் 'துன்னு' என்பதைக் கேட்டு, என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையிலும் சிரிப்பார்.

கறிப் பாத்திரத்துக்கு ஓர் அலமாரி, பால் பாத்திரத்துக்கு ஓர் அலமாரி. உங்கள் வேதப்படி கறியும் பாலும் சேரக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டீர்கள். நானும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, ஒல்லியாக ஒரு பயணி என் கோழிக்குழம்பின் காரம் தாங்காமல் கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார். விருந்தாளியை மோர் ஊற்றாமல் எழுப்பினால் எங்கள் பக்கம் அது சாப்பாடே இல்லை. எங்கள் அறைக்கு ஓடி, நாங்கள் குடிக்க வைத்திருந்த மோரைக் கொண்டுவந்து, அவர் கிண்ணத்துக் குழம்புச் சோற்றின் மேலேயே தாராளமாக ஊற்றினேன். பால்தானே கூடாது என்றீர்கள்? எங்களுக்குப் பால் வேறு, மோர் வேறு.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டைத் தள்ளி வைத்தார்கள். சபைப் பெரியவர் எழுந்து என்னைக் காட்டி ஏதோ சொன்னார். பாஷை புரியவில்லை. வாசல் பக்கம் நீண்ட விரல் புரிந்தது. நான் பின்கட்டுக்குப் போய்த் துணிமணிகளை மூட்டை கட்ட ஆரம்பித்தேன்.

நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். "எங்கக்கா கெளம்பிட்ட?"

"தப்பு பண்ட்டேன்மா. மோரும் பாலுக் கணக்குதான்னு எனக்குத் தோணல."

"தப்புதான். இந்தக் கிண்ணம் இனிமே எங்களுக்கு ஆவாது. ஆனா ஒருத்தர் தவிக்கிறத எல்லாரும் பாத்துக்கினு இருந்தோம். ஓடினது நீ மட்டுந்தான். இந்த எடத்த வேற எதுக்கு நடத்தறோம்னு அந்தப் பெரியவரையும் கேட்டுட்டேன்."

கிண்ணத்தை என் கையில் வைத்தீர்கள். "நீ வெச்சிக்க. இதுல கறியும் துன்னு, மோரும் குடி."

மூட்டையை நீங்களே பிரித்துப் போட்டீர்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, அந்தப் பெரியவர் நிமிர்ந்து பார்க்காமலே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். எனக்கு அது போதும்.

நாங்கள் ஊர் திரும்பியபோது எல்லை முடிவாகியிருந்தது. திருத்தணி மெட்ராஸுக்கு, நகரி ஆந்திராவுக்கு. திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கூட எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குகிறார்.

இது புரட்டாசி. திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறார்கள். இன்று ஒருவர் வீங்கின காலோடு வந்து நின்றார். உட்காரும் முன்பே, "ஏம்மா, இது ஆந்திராவா, மெட்ராஸா?" என்றார்.

உங்கள் கிண்ணத்தை நீட்டினேன். "மொதல்ல குடி நைனா. அப்பறம் சொல்றேன்."

குடித்தார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடித்தார். கேட்ட கேள்வியை மறந்து, கும்பிட்டுவிட்டு நடந்தார். கிண்ணத்தைக் கழுவ உட்கார்ந்தபோதுதான் அம்மா, எனக்கு அழுகை வந்தது.