வேப்பமரத்தில் கட்டிய கயிறு

கவியா,

பழைய சோறு சட்டியில் இருக்கிறது. வெங்காயம் உரித்து வைத்திருக்கிறேன். நேற்றைப் போலப் பட்டினி கிடக்காதே. நான் ஆறரை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூருக்கு கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போகிறேன்.

முந்தாநாள் பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்தவர்கள் வண்டி நிறுத்த இடம் கேட்டார்கள் என்று, பக்கத்து வீட்டு இருசப்பன் மாமா கொட்டகையில் இருந்த கன்றுக்குட்டியை அவிழ்த்து நம் வேப்பமரத்தில் கட்டியது நீதான். எனக்குத் தெரியும். அது கழுத்தை உருவிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வேன் இடித்துக் கால் ஒடிந்து கிடக்கிறது.

மாமா அத்தையைத்தான் திட்டுகிறார். "ஒரு கன்னுக்குட்டிய ஒழுங்கா கட்டத் தெரியல உனக்கு"ன்னு கத்தியது தெருவுக்கே கேட்டது. தான் சரியாகக் கட்டவில்லை என்று பாவம், அத்தையே நம்பிவிட்டாள்.

"நான் இல்லம்மா"ன்னு நீ சொன்னதற்கு நேற்று கை ஓங்கினேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. மரத்தில் தொங்கிய கயிற்றை யாரும் பார்ப்பதற்குள் அவிழ்த்து, மாமா கொட்டகையில் போட்டது நான்.

பள்ளிக்கூடம் போகும் முன் அத்தையிடம் போய்ச் சொல். மாமா கத்துவார். நின்று கேட்டுக்கொள். கயிற்று விஷயத்தைச் சாயந்திரம் வந்து நான் சொல்கிறேன்.

வீட்டைப் பூட்டிச் சாவியை மாடத்தில் வை.

பி.கு. பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். நீ இன்னும் தூங்குகிறாய். அத்தை வீட்டு வாசலில் போய் உட்காருகிறேன். நீ வரும்வரை எதுவும் சொல்ல மாட்டேன். சாப்பிட்டுவிட்டு வா.