கைக்கு வந்த பந்து

அன்பு கிரேசிக்கு,

மாதா துணையால் நான் சுகம். நீயும் மகள் பெபிஷாவும் சுகமா? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

கப்பல் புளோரிடாவில் நின்றபோது நானும் என்னுடன் கப்பலில் வேலை பார்க்கும் நம்மூர் ஜெனோவும் கிளியர்வாட்டருக்குப் போனோம். வெயிலும் கடலும் நம் மணவாளக்குறிச்சியேதான். பேஸ்பால்காரர்கள் காலங்காலமாகப் பயிற்சிக்கு வரும் ஊராம். ஆட்டம் பார்த்தோம். அடித்த பந்து நேராக என்னிடம் வந்தது. வெறுங்கையில் பிடித்து, நம் கடற்கரைக் கிரிக்கெட் போலவே உடனே திருப்பி எறிந்தேன். சுற்றிலும் சிரிப்பு.

"ஏலே, பிடிச்சவன் வீட்டுக்குக் கொண்டு போவலாம்லா!" என்றான் ஜெனோ.

விரலில் லேசான வீக்கம்தான், பயப்படாதே. ஆனால் அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின வாரம்தான், ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரவேண்டிய என்னைக் கிறிஸ்துமஸ் வரை கப்பலிலேயே இருக்கச் சொன்னார்கள். யோசிக்காமல் சரி என்றுவிட்டேன்.

கிச்சனில் கூப்பிடுகிறார்கள். விடுப்பில் ஊருக்கு வந்து திரும்பும் ஜெனோவிடம் பெபிஷாவின் பாதத்தைத் தாளில் வரைந்து கொடுத்துவிடு, செருப்பு வாங்க வேண்டும். பழைய அளவு இனிப் பற்றாது, இல்லையா?

உன்
ஆன்ட்ரூஸ்